பொதுமக்கள் யார்?

பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் ஒரு மாலை நேரம் நானும் ஒரு நண்பரும் உட்கார்ந்திருந்தோம்.

"பார்த்தீர்களா, நம் ஊரிலும் மனிதன் நிம்மதியாக நடக்க ஓரிடம் வந்துவிட்டது!" என்றார் நண்பர்.

அவர் சொன்னது மெய்தான். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் அந்தச் சாலை புது உருவம் பெற்றது. கார்களுக்கு இருந்த இடத்தைக் குறைத்து, கால்களுக்கு உரிய இடத்தைக் கூட்டினார்கள். வயோதிகர்கள் மூச்சு வாங்க உட்காருகிறார்கள். தாயின் கையை உதறிவிட்டுக் குழந்தைகள் ஓடுகின்றன. பாதசாரியை மதிக்கக் கற்றுக்கொள்வது ஒரு நகரத்துக்குப் பெருமையே. நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு முள்ளும் உறுத்திற்று. 2013-ஆம் ஆண்டிலேயே இந்தச் சாலையின் நடைபாதை வியாபாரிகளை ஓர் அடுக்குக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 'நடப்பவனுக்கு வழிவிட வேண்டியதுதானே' என்று அன்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

சொன்னதோடு நின்றேனா? எங்கள் பேட்டையில் கோயிலுக்குப் போகும் தெருவிலிருந்து கடைகளை அப்புறப்படுத்தக் கோரி ஒரு மனு தயாராயிற்று. அதன் வாசகத்தைத் திருத்திக் கொடுத்தவன் நானே. எழுத்தாளன் அல்லவா! 'பொதுமக்கள்' என்ற சொல்லை அதில் ஐந்து இடங்களில் போட்டிருந்தேன்.

கடைகள் போயின. சில நாட்கள் கழித்து, எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாகப் பூக் கொடுக்கும் கிழவியை இரண்டு தெரு தள்ளி ஒரு மதிலோரத்தில் கண்டேன். கூடையில் பூ வாடிக்கொண்டிருந்தது.

"என்ன பாட்டி, இங்கே வந்துவிட்டாய்?" என்றேன். கேட்க எனக்குக் கூச்சமில்லை!

"பொதுமக்களுக்கு இடைஞ்சலா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம், சாமி" என்றாள். பிறகு வெகு சாதாரணமாக, "ஏன் சாமி, அந்தப் பொதுமக்கள்ல நாங்கல்லாம் இல்லியா?" என்று கேட்டாள்.

இதற்கு மறுபக்கம் இல்லையா? இருக்கிறது. கண் தெரியாத ஒருவர் கோலால் தட்டித் தடவி வரும்போது கூடையில் இடறி, பஸ் ஓடும் சாலையில் இறங்க நேர்ந்தால் அதை நியாயம் என்று யார் சொல்வார்கள்? ஏழை என்பதற்காகப் பிறர் வழியை மறிப்பது தர்மமாகிவிடாது. ஆனால் அந்தக் கிழவியின் கூடைக்கு வேண்டியது மூன்று சாண் இடம். அதே தெருவில் பகலெல்லாம் நின்ற கார்கள் ஒவ்வொன்றும் பத்தடிக்கு மேல். அவற்றைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லை. கையெழுத்திட்டவர்களில் பலர் கார் வைத்திருந்தார்கள்.

சட்டம் நம் மனச்சாட்சியை முந்திக்கொண்டு போய்விட்டது. தெருவில் வியாபாரம் செய்வதும் ஒருவனுடைய தொழில் உரிமையே என்று 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத்தான். 2014-ஆம் ஆண்டுச் சட்டமோ, எங்கே கடை போடலாம் என்று ஆராயும் குழுவில் வியாபாரிகளுக்குக் குறைந்தது 40 சதவிகித இடம் தந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் விதித்தது. கிழவியையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து யோசனை கேட்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? நாங்கள் மனு எழுதினோம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தத் தியாகராய நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இது ஏரி. 1920-களில் ஏரியை வடித்து மனைகளாக்கினார்கள். இங்கே யார் பூர்வகுடி? வீடு வாங்கியவன் ஒரு நாள் வந்தான். கூடை எடுத்தவள் ஒரு நாள் வந்தாள். முன்னவனுக்குப் பத்திரம் இருக்கிறது, பின்னவளுக்கு இல்லை. ஆனால் தெருவுக்கு இருவரிடமுமே பத்திரம் கிடையாது. காசில்லாமல் நுழைய நகரத்தில் மிஞ்சியிருப்பது தெரு ஒன்றுதான்.

தெருக்கள் அழகாகட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தெரு சீராகிவிட்டது என்று மகிழும்போது, நேற்று இங்கே இருந்து இன்று காணாமற்போனவர் யார் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

"என்ன யோசனை?" என்றார் நண்பர்.

"ஒரு மனுவில் பிழை விட்டுவிட்டேன்" என்றேன். "ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலே ஐந்து தடவை எழுதிவிட்டேன்."