சொல்லாமையும் வஞ்சகமும்: காணி வழக்கொன்றை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

கற்பிட்டிக் குடாநாட்டிலே, மேற்குக் கடற்கரையை ஒட்டி, என் தாய்மாமனுக்கு இரண்டு ஏக்கர் தென்னங்காணி உண்டு. கொழும்பைச் சேர்ந்த கம்பனி ஒன்று அக்காணியிலே உல்லாசப் பயணிகளுக்கான குடில்களை அமைத்து, வருவாயிலே பங்கு தருவதாக அவரோடு உடன்படிக்கை செய்து முற்பணமும் கொடுத்தது. எட்டு மாதங்கள் கழிந்த பின்னர், தவறான எடுத்துரைப்பினாலே தம்மை உடன்படச் செய்தார் என்று கூறி, முற்பணத்தோடு நட்டஈடும் கோரி அக்கம்பனி அவர்மீது வழக்குத் தொடுத்துள்ளது. இரு தரப்பாரின் பெயர்களையும் இங்கு தவிர்க்கின்றேன். தீர்ப்பை முன்கூட்டி உரைப்பதும் என் நோக்கமன்று. அவ்வழக்கு என்னுள் எழுப்பிய ஒழுக்கவியல் வினா ஒன்றையே ஈண்டு ஆராய விழைகின்றேன். பொய்யான சொல் ஒன்றேனும் சொல்லாத ஒருவன் பொய்யன் ஆவானா?

கம்பனியின் பிரதிநிதி காணி பார்க்க வந்தது டிசம்பர் மாதத்தில். விடுமுறைக்கு வந்திருந்த நானும் உடன் சென்றேன். கடல் குளம்போலக் கிடந்தது. தொலைவிலே ஓங்கில்கள் துள்ளுவதைக் கரையில் நின்றே காணக்கூடியதாக இருந்தது. வந்தவர் இரண்டு விடயங்களைக் கேட்டார். முதலாவது, "தண்ணீர் எப்படி?" என்பது. மாமா வாயினால் விடை கூறவில்லை. வாளியைக் கிணற்றில் இறக்கி மொண்டு, செம்பு நிறைய வார்த்துக் கொடுத்தார். வந்தவர் குடித்துவிட்டு, இளநீர் போல இருக்கின்றதே என்றார். அன்று அந்நீர் மெய்யாகவே இனித்தது. ஐப்பசி, கார்த்திகை மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் நிலம் எங்களுடையது. ஆடியிலும் ஆவணியிலும் மழையுமின்றித் தோட்டங்களின் இறைப்பும் மிகும்போது அப்படை மெலிந்துவிடும். அதே கிணற்று நீரை அப்போது வாயில் வைக்க இயலாது. இரண்டாவது வினா காற்றைப் பற்றியது. "நல்ல காற்று வரும்" என்றார் மாமா. அதுவும் பொய்யன்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றைத் தேடி, பட்டம் பிடித்து அலைமேற் சறுக்கும் வெள்ளைக்காரர் எங்கள் கரைக்கு வருகின்றனர். ஆயின் ஓங்கில் பார்க்க வரும் குடும்பங்களுக்கென்று குடில் கட்டுபவருக்கு, சோற்றிலும் மணலை வாரியிறைக்கும் அக்காற்று எத்தகைய "நல்ல" காற்று என்பது சொல்லாமலே விளங்கும். அவ்விடத்து நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

இந்நிகழ்ச்சிக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய முன்மாதிரி ஒன்றுண்டு என்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே அறிந்தேன். உரோம அறிஞர் சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் கனியஸ் என்பவனின் கதையைக் கூறுகின்றார். உரோமப் பெருங்குடியினனான கனியஸ் சிசிலித் தீவின் சிரக்கியூஸ் நகருக்கு ஓய்வாகச் சென்று, அங்கே கடலோரத் தோட்டம் ஒன்றை வாங்க விரும்பினான். பித்தியஸ் என்னும் வட்டிக்கடைக்காரன், தன் தோட்டம் விற்பனைக்கன்று எனினும் விருந்துண்ண வரலாமே என அழைத்தான். அழைத்துவிட்டு, அவ்வூர் மீனவரைக் கூட்டி, மறுநாள் தன் தோட்டத்தின் முன்னே மீன் பிடிக்குமாறு வேண்டிக்கொண்டான். விருந்துக்கு வந்த கனியஸ் கண்டது கடல் நிறைந்த படகுகளை. மீனவர் ஒவ்வொருவராக வந்து தாம் பிடித்ததைப் பித்தியஸின் காலடியிலே கொட்டினர். ஊருக்குரிய மீனெல்லாம் இங்குதான் என்றான் பித்தியஸ். ஆசை மிகுந்த கனியஸ் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினான். மறுநாள் நண்பரோடு வந்து பார்த்தபோது ஒரு படகுமில்லை. மீனவருக்கு இன்று விடுமுறையோ என அயலவனை வினவ, இங்கே ஒருவரும் மீன் பிடிப்பதில்லை, நேற்று என்ன நேர்ந்தது என்று நானே வியந்தேன் என்றான் அவன்.

பித்தியஸ் பொய்யும் சொன்னான். ஆயினும் கனியஸை வீழ்த்தியது அச்சொல்லன்று, படகுகளே. சிசரோவின் நண்பரான அக்குவிலியஸ் என்னும் சட்ட அறிஞர், வஞ்சகம் யாது என்று கேட்கப்பட்டபோது, ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் செய்தலே என விடையிறுத்தாராம். வஞ்சகத்தின் இருப்பிடம் சொல்லன்று, காட்சி என்பதை இவ்விடை எத்துணைத் தெளிவாகப் பிடித்துக்கொள்கின்றது! சிறுவயதில் நான் ஓதச் சென்ற மதரசாவிலே லெப்பை கூறிய நிகழ்ச்சியும் இதனோடு ஒத்தது. சந்தையிலே தானியக் குவியல் ஒன்றினுள் நபிகளார் கையை விட்டபோது மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழை நனைத்துவிட்டது என்றான் வணிகன். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காண மேலே இடாதது ஏன் எனக் கேட்ட நபிகளார், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றார்கள். அவ்வணிகனும் ஒரு பொய்ச் சொல்லும் சொல்லவில்லை.

ஆயினும் மாமாவின் செயல் பித்தியஸின் செயலோடு முற்றும் ஒக்குமா? பித்தியஸ் படகுகளை வரவழைத்தான். மாமாவோ டிசம்பரை வரவழைக்கவில்லை. அது தானாக வந்தது. அவர் அதன் பின்னே நின்றுகொண்டார், அவ்வளவே. ஆகவே அவர் வழக்கு வஞ்சகத்தினின்று சற்று விலகிச் சொல்லாமையின் பாற்படுகின்றது. இதற்கும் சிசரோவிடம் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சத்தால் வாடும் உரோட்சுத் தீவுக்கு ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வருகின்றான். பின்னால் மேலும் பல கப்பல்கள் வருவதை அவன் கண்டிருக்கின்றான். அதனைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்று வாதிட்டார் பபிலோனியரான தயோசெனிசு. அவருடைய மாணாக்கரான அந்திப்பாத்தர், மனிதர் நலன் ஒன்றோடொன்று பிணைந்தமையால் சொல்லியே ஆகவேண்டும் என்றார். சிசரோ மாணாக்கரின் பக்கமே சாய்கின்றார். அறிய விரும்புவோரின் அறியாமையைத் தன் ஆதாயத்துக்காகப் பேணுபவன் மறைப்பவனே என்பது அவர் முடிபு. வீட்டை இடிக்குமாறு நிமித்திகர் இட்ட ஆணையை மறைத்து விற்ற ஒருவன் வாங்கியவனுக்கு நட்டஈடு செய்ய வேண்டுமென மார்க்கஸ் கேற்றோ அளித்த தீர்ப்பையும் அவர் ஆதாரமாகக் காட்டுகின்றார்.

உரோமாபுரியின் பழங்கதை நமக்கெதற்கு எனச் சிலர் கேட்கலாம். கற்பிட்டியில் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையே அதற்கு விடை. பதினேழாம் நூற்றாண்டில் அக்கோட்டையைக் கட்டியவர்கள் பீரங்கியோடு தங்கள் சட்டத்தையும் கொணர்ந்தனர். அந்த உரோமன் டச்சுச் சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியர் நிலைநிறுத்தினர். இன்றும் நம் காணி விவகாரங்களின் அடித்தளம் அதுவே. அக்குவிலியஸின் வஞ்சகம் நம் நீதிமன்றங்களுக்கு அந்நியமானதன்று. பிரித்தானியர் தம் பங்குக்கு 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தைச் சேர்த்தனர். காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு நிகழ வேண்டும் என்பது அதன் விதி. மோசடியைத் தடுக்கப் பிறந்த அவ்விதி நம்மவரிடையே ஒரு விபரீதமான நம்பிக்கையை வளர்த்துவிட்டதோ என ஐயுறுகின்றேன். உறுதியில் எழுதியதே உண்மை, எழுதாதவை பேச்சோடு போய்விடும் என்பதே அந்நம்பிக்கை. மாமாவின் உடன்படிக்கையிலே எல்லைகள் உள, அளவு உள, தென்னைகளின் தொகையும் உளது. கிணற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் பொய்யை எவ்வகையிலும் மன்னியாதவர். அவர் கூட மாமாவுக்குத் துணைநிற்பார் போலத் தோன்றும் இடமொன்றுண்டு. ஒருவன் பெட்டியைக் கட்டி வைக்கின்றான். கண்டோர் அவன் பயணம் போகின்றான் என எண்ணுகின்றனர். அவன் விரும்புவதும் அதுவே. ஆயினும் அவன் பொய்யனல்லன், ஏனெனில் தன் எண்ணத்தை உரைக்குமாறு கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று தம் ஒழுக்கவியல் விரிவுரைகளிலே காண்ட் கூறுகின்றார். இவ்வாதத்தின் உயிர் "உரிமை இல்லை" என்பதிலேயே தங்கியுள்ளது. வீதியிற் போகிறவன் என் பெட்டியைப் பார்த்து எதையும் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் "தண்ணீர் எப்படி?" என்று கேட்டவர் வீதியிற் போகிறவரல்லர். அவ்வினாவுக்கு இடமளித்து, அவரை வரவேற்று, விடைக்குப் பதிலாகச் செம்பை நீட்டியபோதே மாமா ஒரு கூற்றைக் கூறிவிட்டார் என்றே கருதுகின்றேன்.

மாமாவுக்குரிய நியாயத்தையும் கூறாது விடுவது முறையன்று. அவர் கடன் வாங்கினால் நாள் தவறாதவர். மூத்த மகளின் திருமணம் நெருங்கியிருந்தது. "மருமகன், நான் என்ன பொய் சொன்னேன்? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேனே. ஆடி மாதம் வந்து பார் என்று அவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? கம்பனிக்குப் பொறியியலாளர் இல்லையா?" என்றார் என்னிடம். இவ்வாதத்தை எள்ளி ஒதுக்க இயலாது. 1927இல் கோமறைக் கழகம், அக்காலத்திலே இலங்கைக்கும் அதுவே இறுதி மேன்முறையீட்டு மன்று, நியூசிலாந்துக் காணி வழக்கொன்றைத் தீர்த்தது. தன் நிலம் 2,000 ஆடுகளைத் தாங்கும் என்றான் விற்றவன். அந்நிலத்தில் அவன் ஆடு வளர்த்தவனல்லன் என்பது வாங்கியவனுக்கும் தெரியும். ஆகவே அது வெறும் அபிப்பிராயமே, தவறான எடுத்துரைப்பன்று என மன்று கொண்டது. இருவரும் ஒருசேர அறியாதபோது அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் மாமா அக்கிணற்றிலே நாற்பது ஆண்டுகள் நீர் மொண்டவர். அவருடைய விடை அபிப்பிராயமன்று.

மாமா மற்றொன்றும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. கம்பனி அச்சிட்ட வண்ணப் பிரசுரத்தை எடுத்து வந்து காட்டி, "இதிலே வாடிகள் எங்கே?" என்றார். காணிக்கு முன்னுள்ள கரையிலே ஆறு மீன்வாடிகள் நிற்கின்றன. பெண்கள் அங்கே கருவாடு காய வைக்கின்றனர். கரைவலை இழுக்கும் இடமும் அதுவே. பிரசுரத்திலோ வெறும் வெண்மணல், ஆளரவமற்ற கரை. குடில் வாங்கப்போகும் பயணிக்கு அது ஒரு தவறான எடுத்துரைப்பு. ஆயின் அதனால் உண்மையிலே இழப்பவர் பயணியுமல்லர், கம்பனியுமல்லர். படத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள் ஒருநாள் கரையிலிருந்தும் நீக்கப்படலாம். அவர்கள் எந்த உடன்படிக்கையிலும் ஒப்பமிட்டவரல்லர். தம் வாடிக்கு உறுதி இல்லாதவர்களே பெரும்பாலர். 14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டி உல்லாசப் பயண அபிவிருத்தித் திட்டம் வந்தபோதும் மீனவர் எழுப்பிய முறையீடு இதுவே. தலைமுறைகளாகப் பயன்படுத்திய கரையும் களப்பும், வரைபடத்திலே வெற்றிடமாகத் தோன்றின என்றனர்.

ஒப்பந்தச் சட்டம் ஒப்பமிட்டவனின் கண்ணீரை மட்டுமே காண்கின்றது. அதற்கப்பாலும் நீதி செல்லக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பத்தரமுல்லையிலே பொதுத் தேவைக்கென அரசு சுவீகரித்த தாழ்நிலம் தனியார் கம்பனியின் கோல்ப் மைதானத்துக்கு வழங்கப்பட்டமையை எதிர்த்து, உடன்படிக்கையின் தரப்பினரல்லாத குடிமக்கள் 2007இல் உயர் நீதிமன்றத்தை நாடினர். வாட்டர்ஸ் எட்ஜ் வழக்கென அறியப்படும் அதிலே 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி தீர்ப்பளித்த மன்று, அதிகாரம் மக்களின் பொருட்டு நம்பிக்கையாக வைத்திருக்கப்படுவது என்ற கோட்பாட்டை வலியுறுத்தி, அக்கைமாற்றத்தைச் செல்லாததாக்கியது. முன்னாள் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமெனவும் பணித்தது. "பொதுத் தேவை" என்ற சொல்லை நம்பிக் காணியை விட்டகன்றவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே என்று நான் இத்தீர்ப்பைப் பொருள் கொள்கின்றேன். எனினும் அது அரசின் செயலுக்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கு. தனியாரின் வண்ணப் பிரசுரத்துக்கு எதிராக ஒரு வாடிக்காரர் அவ்வழியிற் செல்வது எளிதன்று.

கம்பனியின் பொய் மாமாவின் சொல்லாமையை நேர்செய்துவிடாது. இதை அவரிடம் சொன்னபோது மூன்று நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. இப்பொழுது பேசுகின்றார். காரணம் அன்பு மட்டுமன்று. 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, எழுத்திலான உடன்படிக்கைக்கு மாறாக வாய்ச்சாட்சியம் கூறலாகாது என விதிக்கின்றது. ஆனால் மோசடி என வரும்போது அத்தடையைத் தளர்த்தி விடுகின்றது. எனவே அன்று கிணற்றடியிலே நடந்ததை மன்று கேட்க விரும்பலாம். அவ்விடத்து நின்றவர் மூவர். இருவர் வழக்காளிகள். மூன்றாமவன் நான்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னைப் பார்த்து, "உமது மாமா பொய் ஏதும் கூறினாரா?" என்று கேட்பாராயின், இல்லை என்றே விடை சொல்லலாம். அதுவும் முற்றும் உண்மையாகவே இருக்கும். அவ்வாறு கூறிவிட்டு இறங்கினால், அக்கிணற்றிலிருந்து இரண்டாவது செம்பை மொண்டு கொடுத்தவன் நான் ஆவேன். ஆகையால் அடுத்த வினாவுக்குக் காத்திராமல், ஆடி மாதத்து நீரைப் பற்றியும் கூற எண்ணியுள்ளேன். அக்கரையிலுள்ள ஆறு வாடிகளைப் பற்றியும் கூறவே விருப்பம். ஆனால் அதுபற்றி அம்மன்றிலே என்னை எவரும் கேட்கப்போவதில்லை.