பொருளறியாப் பருவமும் பூசையும்

பொருளுணரும் பருவம் எய்தாத குழவியைச் சிவபூசையின் மருங்கிருத்தி, நெற்றியில் நீறணிவித்து, திருவாதிரை, திருக்கார்த்திகை முதலிய நன்னாட் செயல்களிற் பழக்குதல் அவ்வுயிர்க்குப் பயன்றருமோ, அன்றி வெறும் உடற்றொழிலாய் ஒழியுமோ என்னும் வினா நெடுநாளாக எம்முள்ளத்தே கிடந்தது. பெங்களூரில் வாழும் எம் மகன், தன் ஐந்தாண்டுப் பெண்மகவைப் பள்ளி விடுமுறைக்கு எம்மிடம் விடுத்த சென்ற ஆண்டு மார்கழியில், அது நூல்வழி ஆராயும் வினாவாக மட்டும் நில்லாது எம்மையே நோக்கிய வினாவாயிற்று. ஆதலின் ஈண்டு அதனை ஆராயப் புகுந்தாம்.

"அறியாப் பருவத்தார்மேற் சமயத்தைச் சுமத்துதல் முறையன்று, வளர்ந்தபின் தாமே ஓர்ந்து வேண்டுவது கொள்க" என்பார் இக்காலத்துப் பலர். அவருள் எம் உறவினரும் உளர். அவர் கூற்று முழுவதும் தள்ளற்பாலதன்று. அச்சுறுத்தியும் அடித்தும் பூசுவித்த நீறு நெற்றியளவே நிற்பதை யாமும் கண்டுளேம். ஆயினும், மகவு வளர்ந்து தனக்கேற்ற மொழியைத் தானே தெரிந்துகொள்ளுமளவும் அதனோடு பேசாதிருக்குந் தாய் யாண்டும் இலள். தமிழ் முற்படப் பேசப்படுகின்றது. எழுத்துஞ் சொல்லும் பொருளும் பிற்படக் கற்கப்படுகின்றன. தொட்டிலிற் கிடப்பார்க்குத் தொல்காப்பியம் ஓதுவாரில்லை. அன்றியும், ஒன்றனையுஞ் சாராது வறிதே நிற்றல் உயிர்க்கு இயலாதென்பது நம் சித்தாந்தத் துணிபன்றோ? பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறங் கொள்ளுமாறுபோல, உயிருஞ் சார்ந்ததன் வண்ணமாம். யாம் ஒன்றுங் காட்டாதுவிடின் குழவி எதனையுஞ் சாராதிருக்கும் என்றல் பொருந்தாது. பிறிதொன்றைச் சாரும், அவ்வளவே.

இனி, காட்டுதல் வேறு, உணர்த்துதல் வேறு. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் வேடரிடை வளர்ந்த அரசிளங்குமரன் உவமையாகின்றான். அரசன் வந்து உணர்த்துமளவும் அவன் தன்னை வேடனென்றே கருதியிருந்தான். அங்ஙனம் உணர்த்துதல் குருவின் தொழில். அதற்கு உயிரின் தவப்பக்குவமும் வேண்டும். பாட்டன்மார் அதனைத் தம் தொழிலாக மேற்கொள்ளுதல் மிகையாம். யாமும் அம்மிகையைச் செய்தேம். மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள் பேத்தியை அருகிருத்தி, ஒரு பிடி நெல்லைக் கையிற் கொடுத்து, உமியும் தவிடும் முளையுமாக மும்மலங்களை விளக்கத் தொடங்கினேம். சிறிது பொழுது கேட்டிருந்தவள், "தாத்தா, இந்த நெல்லைக் குருவிக்குப் போடலாமா?" என்றாள். போட்டும் விட்டாள். அன்றோடு அப்பாடம் முடிந்தது.

சண்டேசுர நாயனார் மண்ணியாற்றங்கரையில் ஆத்தி நீழலில் மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டியது பார்த்தார் கண்ணுக்கு விளையாட்டே. அதனை வெறும் விளையாட்டென்று கொண்டு பாற்குடத்தைக் காலால் இடறியவன் எச்சதத்தன். அவன் சமயம் அறியாதவன் அல்லன். மகனுக்கு உபநயனஞ் செய்வித்து வேதம் ஓதுவித்த தந்தை. இப்பகுதியை யாம் பன்முறை பாடஞ் சொல்லியிருக்கின்றேம். சொல்லியபோதெல்லாம் எச்சதத்தனை எம்மின் வேறான ஒருவனாகவே கருதியிருந்தேம்.

அவ்வாண்டுத் திருவாதிரையன்று வைகறையிற் பேத்தியை எழுப்பி நீராட்டிப் பூசையறையில் இருத்தினேம். பூக்கொணரும் அம்மையார் வரக் காலந் தாழ்த்தது. பூசையின் நடுவே யாம் திரும்பி, "பூ எங்கே? இத்தனை நேரமா? அறிவிருக்கிறதா?" என்று உரத்து வைது, மீண்டும் மணியை எடுத்து ஒலித்து வழிபாட்டைத் தொடர்ந்தேம். அதனை அப்பொழுதே மறந்தும் போயினேம்.

மூன்றாம் நாள் திண்ணையில் அவள் கிணற்றடிக் கல்லொன்றை வைத்துப் பூசை விளையாடினாள். எம் மேலாடை அவள் தோளில். நெற்றி நிறைய நீறு. உதடசைத்து ஏதோ முணுமுணுத்தாள், மணியடித்தாள், திடீரெனத் திரும்பிக் கண்ணை உருட்டி, எம் குரலிலேயே, "பூ எங்கே? அறிவிருக்கா?" என்றாள்; பின்னர் அமைதியாகத் திரும்பி மீண்டும் மணியடித்தாள். வீட்டார் அனைவரும் நகைத்தனர். யாம் நகைத்திலேம். வசவும் பூசையின் ஓரங்கமென்றே அவள் கொண்டிருந்தாள். எம்மைப் பார்த்து வேறெவ்வாறு கொள்வது?

பொருளறியாது செய்வது பயனற்றதென்றாரன்றே? இங்கே பயன் சிறிதும் குறையாது விளைந்திருந்தது. பொருளறிந்தவனாயின் கிரியை இது, கிழவனது வெகுளி இது என்று பகுத்து, வேண்டாததைக் கழித்திருப்பான். அறியாத குழவிக்கு அப்பகுப்பு இல்லை. கண்டது முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பென நூல்கொண்டு நிறுவிய யாம், அங்கே சாரப்பட்ட பொருள் யாமே என்பதனை மறந்தேம். "மந்திரமுங் கிரியையும் வழுவாவிடின் பூசகனது சினம் பூசையைக் கெடுக்காது" என நண்பர் ஒருவர் எமக்கு ஆறுதல் கூறினார். பூசையின் நிறைவு பற்றி அவர் கூறியது எங்ஙனமாயினும் ஆகுக. அருகிருந்த குழவிபற்றி அவர் ஒன்றுங் கூறிற்றிலர்.

இவ்வாண்டும் அவள் வந்தாள். வந்த மறுநாள், பூக்கொணரும் அம்மையாரிடம், பேத்தியும் உடனிருக்க, "சென்ற ஆண்டு உங்களை வைதது எம் பிழை" என்றேம். அறுபது கடந்தபின் இது எளிதன்று. அவரோ அதனை நினைவிலும் வைத்திருந்திலர். எம்மைச் சிறிது வியந்து நோக்கிப் போயினர். திருவாதிரைக்கு வேண்டிய பூவையும் வில்வத்தையும் முன்னாள் மாலையே யாமும் அவளுமாகப் பறித்து வைத்தேம். மலவிளக்கம் ஒன்றுஞ் செய்திலேம்.

விடியலில் அவள் பாட்டி அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து உடைத்துக் களி கிண்டத் தொடங்கினாள். வெல்லம் கரையுமளவும் சேந்தனாரது செவிவழி வரலாற்றைப் பேத்திக்குச் சொன்னாள். மழையில் விறகு நனைந்து விலைபோகாமையால், அடியார்க்கு அமுதிட வகையின்றிச் சேந்தனார் களி செய்தார் என்ற இடத்தில், "விறகு நனைஞ்சிருந்தா அடுப்பு எப்படிப் பாட்டி எரிஞ்சது?" என்று அவள் வினாவினாள். திருப்பல்லாண்டுக்கு நாற்பதாண்டாகப் பொருளுரைத்து வரும் எமக்கு இவ்வையம் ஒருநாளும் தோன்றியதில்லை. எம்மை நோக்கினாள், "தெரியாதம்மா" என்றேம். பாட்டி களியைக் கிளறிக்கொண்டே, "ஊதி ஊதி எரிச்சிருப்பார். புகையிலே கண்ணெல்லாம் எரிஞ்சிருக்கும்" என்றாள். அவள் தன் கண்களைக் கசக்கிக்கொண்டு சிறிது நேரம் அடுப்பைப் பார்த்து நின்றாள்.

பூசைக்கு அவளை யாம் அழைத்திலேம். மணியொலி கேட்டுத் தானே வந்திருந்தாள். திண்ணைப் பூசையை இம்முறை அவள் விளையாடவில்லை. ஆதலின் அதில் வசவு நீங்கியதோ, இன்னும் உளதோ என அறிய எமக்கு வாய்த்திலது.