கைப்பொறியும் நெஞ்சமும்

மறதி மனிதனோடு உடன்பிறந்தது; அதனை வெல்ல வேண்டும் என்னும் முயற்சியும் அவனோடு உடன்பிறந்ததே. முந்தானையில் முடிச்சிட்டுக்கொண்ட பாட்டியும், சுவரில் கரிக்கோடு கிழித்துப் பால்கணக்கு வைத்த தாயும், பேரேட்டில் பற்றுவரவு எழுதிய சாலைக் கடைத்தெரு வணிகரும் அம்முயற்சியில் ஈடுபட்டவர்களே. அந்த முடிச்சும் கோடும் பேரேடும் இன்று ஒன்றாகத் திரண்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொறியாகி, நம் சட்டைப்பையில் குடிகொண்டுள்ளன.

இக்கைப்பொறியால் விளைவது நன்மையா, தீமையா என்னும் வினா பட்டிமன்றத்துக்கு ஏற்றது. இரு கட்சியினருக்கும் சொல்ல நிறைய உண்டு. ஆயின் அதன் அடியில் அறம் சார்ந்த வேறொரு வினா கிடக்கிறது. நம் நினைவில் எந்தப் பகுதியைப் பிறிதொன்றிடம் ஒப்படைக்கலாம்? எந்தப் பகுதியை ஒப்படைக்கலாகாது? பிறந்த மண்ணில் வாழ்வோர்க்குத் தெருவும் கோயிலும் ஆற்றங்கரையும் பாதி நினைவைத் தாங்கி நிற்கும். ஊர்விட்டு வந்து திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு அந்தத் துணை இல்லை. நாம் நெஞ்சில் சுமந்து வந்ததே நம் ஊர். ஆதலின் இவ்வினா ஏனையோரைக் காட்டிலும் நம்மை நெருக்கமாகத் தொடுகிறது.

பொறி வந்த வழி

1984ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 'ஆர்கனைசர்' என்னும் பெயரில் ஒரு கையடக்கப் பொறியை வெளியிட்டது. ஜப்பானிய நிறுவனங்களும் இத்தகைய பொறிகளை வெளியிட்டன. 1990களில் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோர் உறவினர்க்குக் கொணர்ந்த பரிசுகளுள் 'டிஜிட்டல் டைரி'யும் ஒன்று. தொலைபேசி எண்களும், பிறந்த நாள்களும், சில குறிப்புகளும் அதில் அடங்கும். காசு வடிவிலான சிறு மின்கலமே அதன் உயிர். மின்கலம் முற்றும் தீர்ந்துவிட்டால் பொறியின் நினைவும் அதனோடு தீர்ந்துவிடும்.

1996இல் அமெரிக்காவில் 'பாம் பைலட்' வந்தது. அதனை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், பொறியைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரத்துண்டை அறுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினார். யாரேனும் நாள் குறிக்கச் சொன்னால் அம்மரத்துண்டை எடுத்து, அதில் எழுதுவது போலப் பாவனை செய்து, எந்த வசதி உண்மையில் தேவை என்று ஆராய்ந்தார் என்பர். நம் நாட்டிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் பங்கேற்று 'சிம்ப்யூட்டர்' என்னும் கைப்பொறியை வடிவமைத்தனர். அதன் நோக்கம் போற்றத்தக்கது. ஆளுக்கொரு பொறி வாங்க இயலாத சிற்றூரில் பலர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தம் செய்திகளைத் தமக்குரிய அட்டை ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். 2004இல் அது விற்பனைக்கு வந்தும் மக்களிடையே பரவவில்லை. பாம் பொறியும் 2011இல் தன் பயணத்தை முடித்துக்கொண்டது. இவை அனைத்தின் பணியையும் இன்று கைப்பேசி தன்னுள் இழுத்துக்கொண்டது. பெயர் மாறினும் வினா மாறவில்லை.

பொறியின் பக்கம் நின்று

கருவியால் நினைவாற்றல் கெடும் என்னும் அச்சம் புதிதன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ, 'பீட்ரஸ்' என்னும் உரையாடலில் ஓர் எகிப்தியக் கதையைச் சொல்கிறார். எழுத்தைக் கண்டறிந்த தெய்வம் அதனை நினைவின் மருந்து என்று அரசனிடம் கொண்டுசெல்ல, 'இது மறதியையே வளர்க்கும். மக்கள் அகத்தே தேடாமல் புறத்தே தேடத் தொடங்குவர்' என்னும் கருத்துப்பட அரசன் மறுத்துரைக்கிறான். எழுத்துக்கு எதிரான இவ்வாதம் இருபத்து நான்கு நூற்றாண்டுகள் கடந்து நம்மை வந்தடைந்தது எழுத்தால் அன்றோ? அரசனின் அச்சத்தில் உண்மை உண்டு. அவனுடைய தீர்ப்பில் முழுமை இல்லை.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். பல திசைகளிலிருந்து எழும் வினாக்களையும், கணக்குகளையும், மணியோசைகளையும் ஒரே வேளையில் உள்ளத்தில் வாங்கி, ஒன்றும் பிழைபடாமல் விடையிறுக்கும் அருங்கலை அது. அன்று திருவிதாங்கூர் நாட்டினராய் இருந்த அப்பெருமகனாரின் ஆற்றலை எண்ணி வியவாதார் இலர். ஆயின் வியப்பது வேறு. அவ்வாற்றல் இல்லாதவனைக் குறைகூறுவது வேறு. மும்முறை மருந்துண்ண வேண்டிய முதியவருக்கு மணியடித்து நினைவூட்டும் பொறி உயிர்காக்கும் தோழன். காப்பீட்டுத் தவணையும், மின்கட்டண நாளும், தொடர்வண்டி முன்பதிவு எண்ணும் நெஞ்சில் இருந்தேயாக வேண்டியவை அல்ல. அவற்றைப் பொறியிடம் விட்டுவிட்டு மனத்தை உயர்ந்தவற்றுக்கு ஒழித்து வைப்பது அறிவுடைமையே.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, மாடிகளிலும் கூரைகளிலும் ஒதுங்கியோர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசி வழியே அனுப்ப, மீட்புக் குழுவினரும் கடற்கரை மீனவரும் படகுகளோடு அவர்களை நாடிச் சென்றனர். இதைக் கண்டபின் கைப்பொறியை வீண் ஆடம்பரம் என்று எவரும் சொல்லத் துணியார்.

பொறியின் எல்லை

எனினும் அதே வெள்ளம் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. மின்சாரம் நின்று மின்கலமும் தீர்ந்தால், பொறிக்குள் ஆயிரம் எண்கள் இருந்தும் பயனில்லை. நெஞ்சில் இருக்கும் ஓர் எண்ணே பயன்படும். வீட்டில் உள்ள எத்தனை பிள்ளைகளுக்குத் தம் தாய்தந்தையரின் எண்கள் மனப்பாடமாகத் தெரியும் என்பதை ஒவ்வொருவரும் இன்று சோதித்துப் பார்க்கலாம்.

2011இல் பெட்சி ஸ்பாரோ முதலிய அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு செய்தி கணினியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்கள் அச்செய்தியைக் குறைவாகவே நினைவில் வைத்தனர் என்றும், செய்தியைக் காட்டிலும் அது இருக்கும் இடத்தையே நன்கு நினைவில் கொண்டனர் என்றும் அவர்கள் கண்டனர். அவ்வாய்வில் ஒரு சோதனையைப் பின்னர் வேறு சிலர் மீண்டும் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. ஆதலின் பொறியால் மூளை மழுங்கும் என்று முரசறைய வேண்டுவதில்லை. நாம் கவலையுற வேண்டியது மூளையைப் பற்றியன்று, நடத்தையைப் பற்றி.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு நினைவூட்டுக் கடிதத்தின் இயல்பு நன்கு தெரியும். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு என்று தாள்கள் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். கோப்பு நகர்வது அவற்றால் அன்று. அதனைப் பிரித்துப் படித்து, மனுதாரரின் நிலையை எண்ணி, முடிவெழுதும் ஒருவரால்தான். நினைவூட்டுவது வேறு, நினைப்பது வேறு.

ஞாயிறுதோறும் ஊரிலுள்ள அன்னையோடு பேச வேண்டும் என்று ஒருவர் பொறியில் குறித்து வைக்கிறார். பொறி ஒலித்த பின் பேசும் பேச்சில் அன்பு உண்டா? உண்டு என்பதே என் கருத்து. தம் மறதியை அறிந்து, அதனால் தாய்க்குக் குறை நேரலாகாதென்று குறித்து வைத்ததே அன்பின் செயல்தான். ஆயின் மணி ஒலிக்கும்போது 'பிறகு' என்னும் பொத்தானை அழுத்துவதும் அவருடைய செயலே. முன்பெல்லாம் மறந்துவிட்டேன் என்று சொல்ல இடமிருந்தது. இன்று அறிந்தே தள்ளிப்போடுகிறோம். பொறி நம் பொறுப்பைக் குறைக்கவில்லை; மறதி என்னும் சாக்கை மட்டுமே நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

வள்ளுவர் வகுத்த வேறுபாடு

மறவாமைக்கென்றே 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். மகிழ்ச்சி மிகுதியால் வரும் சோர்வு, அளவு கடந்த சினத்தினும் தீயது என்பது அங்கு அவர் கருத்து. 'எல்லாம் பத்திரமாக இருக்கிறது' என்னும் இன்றைய நிறைவுணர்வும் அத்தகைய சோர்வுக்கே வித்திடும்.

அவரே 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தில் பிறர் செய்த நன்மையை மறத்தல் அறமன்று என்றும், தீமையை அன்றே மறத்தல் அறம் என்றும் பிரித்துரைக்கிறார். இவ்வேறுபாட்டைச் செய்ய எந்தப் பொறியாலும் ஆகாது. நமக்கு உதவியவரின் பெயரையும், நம்மை இகழ்ந்தவரின் சொல்லையும் அது ஒரே தட்டில் வைத்துப் பேணும். பத்தாண்டுக்கு முன் மைத்துனர் சினந்து எழுதிய ஒரு செய்தியை இன்று விரல்நுனியில் மீட்டெடுத்து மீண்டும் புண்படலாம். பழைய காகிதக் கடிதமேனும் மங்கிக் கிழிந்து மன்னிப்புக்கு வழிவிட்டது. எதை நினைப்பது, எதை மறப்பது என்று தேர்ந்து கொள்வது மனிதனின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். அக்கடமைக்கு மாற்றாள் வைக்க இயலாது.

ஏடும் உயிரும்

1909ஆம் ஆண்டில் கணபதி சாஸ்திரியார் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் ஓர் ஏட்டுக்கட்டைக் கண்டெடுத்தார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, இந்நகருக்கு வந்து வடமொழி நூல்களைப் பதிப்பித்த அறிஞர் அவர். அவ்வேட்டில் இருந்த நாடகங்கள் காளிதாசனுக்கு முற்பட்ட பாசனுடையவை எனக் கருதி 1912 முதல் வெளியிட்டார். ஆசிரியர் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் ஆய்வுக்கு வேண்டியது வேறொரு செய்தி. உலகம் இழந்துவிட்டதாக எண்ணிய அந்நாடகங்களுள் சிலவற்றின் அங்கங்களைக் கேரளத்துச் சாக்கியார்கள் கூடியாட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடிக்கொண்டே இருந்தனர். ஏடு சொல்லைக் காத்தது. சாக்கியாரின் கண்ணும் கையும் அதன் உயிரைக் காத்தன. இரண்டில் ஒன்று இல்லையேல் மற்றது குறையுடையதாகவே இருந்திருக்கும்.

புதுவை ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பையும் ஈண்டு நினைவுகூரலாம். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய அவர் வணிகத்தையும், போரையும், ஊர்வழக்கையும், தம் மனத்தாங்கலையும் தமிழில் எழுதி வைத்தார். நாட்குறிப்பு கழிந்த நாளை அசைபோடுவது. கைப்பொறி வரும் நாளை நோக்கி விரட்டுவது. இன்னாரை இத்தனை மணிக்குக் காண வேண்டும் என்பதைப் பொறி சொல்லும். கண்டபின் நெஞ்சில் தைத்தது யாது என்பதை நாமே எழுதினாலன்றி அது எங்கும் இராது.

நம் இல்லங்களில்

பழைய டிஜிட்டல் டைரியில் ஆங்கில எழுத்துகளே உண்டு. 'வள்ளி'யும் 'வல்லி'யும் அதில் ஒன்றாயின. அக்குறை நீங்கிவிட்டது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005இல் கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தது. இன்று வழி அகலமாக இருந்தும் நம்மில் பலர் அத்தையையும் மாமாவையும் ஆங்கில எழுத்திலேயே பதிந்து வைக்கிறோம். இதற்குப் பொறியைக் குறைகூறுவது முறையாகாது.

இதனினும் முதன்மையான ஒன்று உண்டு. தந்தை கைப்பட எழுதிய குறிப்பேடு அலமாரியில் இருந்தால் வீட்டில் எவரும் அதனைப் பிரிக்கலாம். குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியும், பாட்டனார் திதியும், ஊர்நிலத்தின் எல்லையும், யாரிடம் எந்த உதவி பெற்றோம் என்பதும் அதில் இருக்கும். கைப்பொறியோ அவர் விரல் பட்டால்தான் திறக்கும். பூட்டு வேண்டியதே, தனிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்ததே. எனினும் குடும்பத்துக்கு உரிய நினைவு ஒருவருடைய பூட்டுக்குள் கிடந்து அவரோடு மறையுமாயின், அதனைத் தனிமை என்று சொல்வதா, இழப்பு என்று சொல்வதா? ஊரில் இருப்போர் இழந்ததை அண்டை வீட்டாரிடம் கேட்டறியலாம். நாம் யாரிடம் கேட்போம்?

ஆகவே நினைவை மூவகையாகப் பகுத்துக்கொள்வது நலம். எண்ணும் நாளும் கணக்கும் பொறிக்கு உரியவை; தயங்காமல் கொடுத்துவிடலாம். உறவும் கடமையும் பற்றியவற்றைப் பொறி நினைவூட்டலாம். நிறைவேற்ற வேண்டியவர் நாமே. மொழியும், பாட்டும், நன்றியும், முன்னோர் பெயரும் வாய்மொழியாகவே பிள்ளைகளின் நெஞ்சில் ஏற வேண்டியவை. அவற்றின் படி ஒன்று பொறியில் இருந்தால் தவறில்லை, பொறியில் மட்டும் இருந்தால் தவறு.

செய்யத்தக்கது அரிதன்று. குடும்பச் செய்திகளை ஒரு காகிதக் குறிப்பேட்டில் தமிழில் எழுதி, எல்லாரும் அறிந்த இடத்தில் வைக்கலாம். நான்கு தொலைபேசி எண்களையேனும் பிள்ளைகள் பாராமல் சொல்லப் பழக்கலாம். வாரத்தில் ஒருநாள் இரவு உணவின்போது பொறிகளை ஒருபுறம் ஒதுக்கி, பாட்டனாரின் தந்தை பெயர் என்ன, அவர் எந்த ஊரினர், எதனால் அவ்வூரை விட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர்கள் அதனை மலையாளம் கலந்த தமிழில் திருப்பிச் சொன்னாலும் குறையில்லை. சொல்லும் வரையில் அது அவர்களுடையதாக இருக்கும்.