பொருத்துவதும் பொருந்துவதும்

ஒரு பொருளை முழுதாக வாங்குவது நல்லதா, உறுப்புகளாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது நல்லதா? இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் விலையை மனத்தில் வைத்தே கேட்கிறார். உறுப்புகளின் விலையைக் கூட்டி, முழுப்பொருளின் விலையோடு ஒப்பிட்டு, குறைந்ததைக் கொள்வதே அறிவு என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டலில் ஓர் இனம் எப்போதும் விடுபடுகிறது என்பது என் கருத்து. அது எது என்பதை, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை நிலைக்களமாகக் கொண்டு, இரண்டு பொருள்களின் வழியே விளக்க முயல்கிறேன். ஒன்று ரைஃபிள், மற்றொன்று லேண்ட்ரோவர். வாசகர் சற்று நிதானித்து உடன்வர வேண்டுகிறேன்.

ரைஃபிளை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் சிக்கன விலையில் ரைஃபிள் வேண்டுவோர் அதன் உறுப்புகளைத் தொகுப்பாக வாங்கி வீட்டு மேசையிலேயே பூட்டிக்கொள்வது உண்டு. மலேசியாவில் அதற்கு இடமில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் வரையறையில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். ஆயுதத்தின் எந்த ஓர் உறுப்பும் அடங்கும். உரிமமின்றி வைத்திருப்பதும் குற்றம், உரிமமின்றிச் செய்வதும் குற்றம். சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருப்போருக்கு 1971ஆம் ஆண்டின் தண்டனை மிகுப்புச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. ஆகவே ஹாபுவிலோ சுங்கை பாலாஸிலோ இருக்கும் ஒருவர் உரிமம் பெற்று முழுத் துப்பாக்கியை வாங்கலாமே ஒழிய, குழலை இன்றும் விசையை நாளையுமாகச் சேர்க்கும் வழி அவருக்கு இல்லை. குழல் தனியே கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கியே. 1948இல் தொடங்கிய அவசரகாலம் முடிவுக்கு வந்ததும் அதே 1960ஆம் ஆண்டில்தான். பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டங்களையும் மலைச்சாலைகளையும் துப்பாக்கி காவல் காத்த நாட்டில், உறுப்பையே முழுப்பொருளாக எண்ணும் இந்தக் கண்டிப்பு எனக்கு முற்றிலும் நியாயமாகப் படுகிறது.

அப்படியானால் ரைஃபிளை இங்கே ஏன் எடுத்தேன்? உறுப்புகளைத் தனியே செய்து பின்னர் ஒன்றுகூட்டலாம் என்ற எண்ணமே துப்பாக்கிப் பட்டறையில் வளர்ந்தது என்பதால். முற்காலத்தில் ஒரு கொல்லன் செய்த துப்பாக்கியின் விசை மற்றொரு துப்பாக்கிக்குச் சேராது. ஒவ்வோர் உறுப்பும் தன் அண்டை உறுப்புக்கென்றே அரத்தால் இழைக்கப்பட்டது. 1785இல் பாரிசுக்கு அருகே வான்சென் கோட்டையில் ஓனோரே பிளாங் என்பவர், துப்பாக்கி விசைகளின் உறுப்புகளைக் குவியலாக வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டச் சொன்னார். பூட்டிப் பார்த்தவர் தாமஸ் ஜெஃபர்சன், அப்போது அமெரிக்காவின் தூதர். 1798இல் ஈலை விட்னி 10,000 துப்பாக்கிகளுக்கு அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தார். 1801இல் தலைவர்கள் முன்னிலையில் அவரும் அவ்வாறே பூட்டிக் காட்டினார். ஆனால் அவருடைய உறுப்புகள் உண்மையில் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக இல்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டறிந்தனர். ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னும் ஊரில் ஜான் ஹால் 1820களில்தான் அதை மெய்யாகவே சாதித்தார். கருத்து தோன்றிச் செயல் கைகூட நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த நாற்பது ஆண்டுகளும் சென்றது குழலையோ கட்டையையோ புதிதாகக் கண்டுபிடிப்பதில் அன்று, அளவுகோல்களைக் கண்டுபிடிப்பதில்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படையினர் மலாயாக் காட்டுக்குள் ஏந்திச் சென்ற ரைஃபிள்களில் ஒன்று லீ-என்ஃபீல்டின் 5ஆம் எண் வகை. அது பெருந்தொகையாக ஆலையில் உருவாக்கிய பொருள்; உறுப்பு மாற்றத்துக்குப் பேர்போன மரபில் வந்தது. ஆயினும் அதன் அடைப்புத்தண்டின் தலையைப் படைத்துறை 0, 1, 2, 3 என நான்கு அளவுகளில் வைத்திருந்தது. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில கூறுகளே. எந்த ரைஃபிளுக்கு எந்தத் தலை என்பதை ஆயுதப் பணியாளர் அளவுக்கட்டை வைத்துப் பார்த்தே முடிவு செய்வார். தோட்டா அமரும் இடைவெளி கூடினால் வெடிப்பின் அழுத்தம் சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும். எல்லாம் ஒரே வரைபடத்தின்படி செய்தவை. அப்படியிருந்தும் கடைசியில் ஒரு மனிதர் அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

தமிழில் பொருத்துதல் பிறவினை, பொருந்துதல் தன்வினை. முன்னது நம் கைச்செயல். பின்னது பொருள் தானே எய்தும் நிலை. திருகாணியை முறுக்கிப் பொருத்திவிடலாம். அதனாலேயே உறுப்பு பொருந்திவிட்டது என்றாகாது. கூட்டலில் விடுபடும் இனம் இதுதான். முழுப்பொருளுக்குக் கொடுக்கும் விலையில் உறுப்புகளின் விலை ஒரு பகுதி. உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன என்று அளந்து பார்த்தவரின் உழைப்பும், பொருந்தாவிட்டால் நான் பொறுப்பு என்று அவர் தரும் வாக்கும் மறுபகுதி. உறுப்புகளாக வாங்குபவர் இந்த மறுபகுதிக்குக் காசு கொடுப்பதில்லை. அது தேவையற்றுப் போகவில்லை. அவர் தலைக்கு இடம் மாறியிருக்கிறது.

இனி லேண்ட்ரோவருக்கு வருவோம். கேமரன் மலையில் இக்கேள்வி உயிரோடு வாழ்வது அதில்தான். தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா வரை சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு ஐம்பது அறுபது ஆண்டு வயதான வண்டிகள் காய்கறிக் கூடைகளோடும் பூக்கட்டுகளோடும் இன்றும் ஓடுவது தெரியும். 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல், இலங்கையிலிருந்து வந்த தேயிலைத் துரையான மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டியவை மனிதக் கைகளே. நம் முன்னோரின் கைகளும் அவற்றில் உண்டு. தேயிலைச் சரிவில் வெட்டிய மண்தடம் மழைநாளில் சாதாரண வண்டிக்கு இடங்கொடாது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானபோது அது இத்தகைய நிலத்துக்கென்றே செய்ததுபோல் இருந்தது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்ததால், மாரிஸ் வில்க்ஸ் அதன் மேற்கூட்டைப் பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார். பெட்டி வடிவ எஃகுச் சட்டகத்தின்மேல் தட்டையான தகடுகளைத் திருகாணியால் பூட்டிய அமைப்பு அது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் கதவை, முன்சிறகை, கூரையைக் கழற்றி மாட்டலாம். கழற்றத்தக்கது என்ற குணம், சேர்த்துக் கட்டத்தக்கது என்ற நம்பிக்கையை இயல்பாகவே ஊட்டிவிடுகிறது.

இந்த நம்பிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. ஈரம் மிகுந்த மலையில் அலுமினியத் தகடு துருப்பிடிப்பதில்லை. அடியில் உள்ள எஃகுச் சட்டகம் துருப்பிடிக்கிறது.  கண்ணுக்குத் தெரியும் கூடு நெடுநாள் வாழ, கண்ணுக்குப் படாத எலும்பு முதலில் சாகிறது. பழைய இரும்புக் கடைகளில் கதவும் முன்சிறகும் மலிவாகவும் நல்ல சட்டகம் அரிதாகவும் இருப்பதில் வியப்பில்லை. வண்டியின் அடையாள எண்ணோ அந்தச் சட்டகத்தின் முன்நுனியில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. கிராண்ட் என்று நாம் வழங்கும் பதிவுச் சான்றில் சட்டக எண், எஞ்சின் எண் இரண்டும் உண்டு. சாலைப் போக்குவரத்துத் துறையும் சோதனை நிலையமும் பார்ப்பது அவற்றையே. துப்பாக்கிச் சட்டம் ஒவ்வோர் உறுப்பையும் முழுமையாகக் கருதியது. வண்டிச் சட்டம் இரண்டே உறுப்புகளில் முழுமையை வைக்கிறது. சட்டகம் இற்றுப்போனால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தும், சட்டப்படி அந்த வண்டியே கேள்விக்குள்ளாகிறது.

அடுத்து அளவுப் பொருத்தம். லேண்ட்ரோவரின் முதல் வரிசை 1948 முதல் 1958 வரை. இரண்டாம் வரிசை 1958இலும், மூன்றாம் வரிசை 1971இலும் வந்தன. வெளித்தோற்றத்தில் உடன்பிறப்புகள். ஆனால் முதல் வரிசையின் திருகாணிகள் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் புரியளவைச் சேர்ந்தவை; பின்வந்தவை பெரும்பாலும் அமெரிக்காவும் ஏற்ற ஒன்றுபட்ட புரியளவு. கால் அங்குலத் திருகாணியில் முன்னதற்கு அங்குலத்துக்கு 26 புரி, பின்னதற்கு 28. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று நம்பிக்கையோடு உள்ளே போகும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரால் வற்புறுத்துபவர் புரியை அழித்துவிடுகிறார். பொருத்தியாயிற்று, பொருந்தவில்லை.

எஞ்சின் மாற்றத்தில் இது பெரிதாகிறது. ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டிகளை ஹாஃப்கட் என்கிறோம். அவற்றிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் பழைய 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் இடத்தில் வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. எரிபொருள் மிச்சம், உதிரிபாகம் எளிது. ஆனால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கடைந்தெடுத்த இடைத்தட்டு வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்சும் தாங்கியும் முன்கூட்டியே தேயும். விலகல் கண்ணுக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து ஓசையாகத் தெரியும். மேலும் இந்த வரிசை வண்டிகளின் அச்சில் பல்விகிதம் 4.7க்கு 1. மெதுவாகச் சுழலும் லாரி எஞ்சினை அதனோடு இணைத்தால் சரிவில் யானைபோல் ஏறும். தாப்பாவுக்கு இறங்கி நெடுஞ்சாலையைத் தொட்டதும் திணறும்.

எல்லாத் தொகுப்பும் ஒரே தன்மையது அன்று என்பதையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். நாடுகளே உறுப்புகளாக வாங்கிப் பூட்டியிருக்கின்றன. சிங்கப்பூர் புக்கித் தீமாவில் 1941இல் திறந்த ஃபோர்டு ஆலை அப்படித்தான் கார் பூட்டியது. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த கட்டடமும் அதுவே. 1960களின் பிற்பகுதியில் ஷா ஆலத்தில் வால்வோ கார்கள் அவ்வாறு உருவாகத் தொடங்கின. முழு வண்டியைவிட உறுப்புத் தொகுப்புக்கு வரி குறைவு. ஆனால் ஆலைக்கு வரும் தொகுப்பில் ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றுக்கென்று ஏற்கெனவே அளந்து செய்யப்பட்டது. அங்கே எஞ்சியிருப்பது பூட்டும் வேலை மட்டுமே. ரிங்லட்டில் ஒரு கியர்பாக்ஸ், ஈப்போவில் ஓர் அச்சு, திரிங்காப்பில் கேட்பாரற்றுக் கிடந்த கூடு எனச் சேர்ப்பது தொகுப்பு ஆகாது. அதைத் திரட்டு என்றே சொல்வேன். வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்து வெவ்வேறு விதமாகத் தேய்ந்த உறுப்புகள் அவை. தொகுப்பைப் பற்றிக் கேட்ட சிக்கனக் கதைகளைத் திரட்டுக்கு ஏற்றிப் பேசுவதில்தான் மிகுதியான பணம் வீணாகிறது.

ஆகவே என் முடிவைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். நாளைக் காலை முட்டைக்கோசைச் சந்தைக்கு ஏற்றவேண்டிய விவசாயி முழு வண்டியை, கிராண்டோடும் ஓட்டிப் பார்த்தும், வாங்கட்டும். சில ஆயிரம் வெள்ளி கூடுதலானாலும் அது அவருக்கு மலிவு. திரட்டிக் கட்டுவது இரண்டு வகையினருக்குப் பொருந்தும். ஒருவர், நல்ல சட்டகமும் செல்லத்தக்க கிராண்டும் ஏற்கெனவே கையில் உள்ளவர். மற்றவர், வண்டி பழுதுபார்க்கும் போர்மேன் வேலையைக் கற்க விரும்பும் இளைஞர். முன்னவருக்கு இம்மலை ஒரு பேற்றைத் தந்திருக்கிறது: இந்த வண்டியின் நோய்களைத் தலைமுறையாக அறிந்த பட்டறைகள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பொருந்துகிறதா என்று பார்க்கும் கண்ணை வாடகைக்கு எடுக்க முடிகிற ஊர் இது. அந்தக் கூலியைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்; கடைசி வரியாக எழுதுபவர்தான் பாதியில் நிறுத்திவிட்டு விற்கிறார். இளைஞருக்குக் கணக்கே வேறு. அவர் இழக்கும் மாதங்கள் படிப்புக்கான கட்டணம். அந்தக் கட்டணத்தைச் செலுத்தியவர்கள் நடத்துவதால்தான் மேற்சொன்ன பட்டறைகள் இன்று இருக்கின்றன.

இருவரும் வேலை செய்யும் வரிசைமுறையை மாற்றக்கூடாது. முதலில் சட்டகத்தைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெற்று, புதிய எண் பதிவாகும் வரை பழைய எஞ்சினைக் கொட்டகையிலேயே வைத்திருக்க வேண்டும். இரும்புக் கடைக்காரர் நல்ல விலை சொன்னாலும்.