தடைப்பாதையும் தவமும்

தவிர்க்கக்கூடிய துன்பத்தை ஒருவர் தாமே தேடிச் சென்று ஏற்பதில் அறம் சார்ந்த மதிப்பு உண்டா என்னும் கேள்வி துறவு நெறிகளைப் போலவே பழமையானது. புத்தர் கடும் பட்டினி நோன்பு இருந்து பார்த்து அதைக் கைவிட்டார்; ஸ்டோயிக் மெய்யியலாளரான எபிக்டெட்டஸோ, மல்யுத்த ஆசான் தம் மாணவனை முரட்டு எதிராளியோடு மோதவிடுவதைப் போலக் கடவுள் மனிதனை இடர்களோடு மோதவிடுகிறார் என்று கருதினார். அந்தக் கேள்வி இன்று மடங்களுக்கு வெளியே, தடைப்பாதைப் போட்டி என்னும் விளையாட்டில் மீண்டும் எழுந்து நிற்கிறது. மதில் ஏறியும், கயிற்றில் தொங்கியும், முள்கம்பிக்கு அடியில் சேற்றில் ஊர்ந்தும், மணல்மூட்டை சுமந்தும் பல கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டிய இப்போட்டிக்குப் பல நாடுகளிலும் மக்கள் கட்டணம் செலுத்தி வருகிறார்கள்.

இதன் வேர்களுள் முதன்மையானது பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேரின் (1875–1957) சிந்தனை. 1902 மே 8 அன்று கரீபியன் தீவான மார்த்தினீக்கில் பெலே எரிமலை வெடித்துச் சேன் பியேர் நகரை அழித்து, ஏறத்தாழ 28,000 பேரைப் பலிகொண்டபோது, எபேர் மீட்புப் பணியில் ஈடுபட்டார். பிறரைக் காக்கும் தேவை நேரும்போது உதவாத உடல்வலிமை வீண் என்னும் அவருடைய முடிவிலிருந்து ‘இயற்கை முறை’ என்னும் உடற்பயிற்சி நெறி உருவாயிற்று. நடை, ஓட்டம், தாவல், நாற்கால் நகர்வு, ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் ஆகிய பத்து வகை இயக்கங்களையும் அது உள்ளடக்கியது. பயன்படும்பொருட்டு வலிமை பெறுக என்பதே அதன் அறக்கோட்பாடு. போட்டி விளையாட்டு உடற்கல்வியைக் கெடுக்கிறது என்று வாதிட அவர் 1925-இல் ஒரு நூலே எழுதினார். தடைப்பாதையின் தந்தையெனப் போற்றப்படுபவர் பந்தயத்தையே ஐயுற்றவர் என்பதை இவ்விளையாட்டின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறார்கள். ஆனால் இதன் அறச்சிக்கல் முழுவதும் அந்த ஐயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

தடைப்பாதை படைவீரர் பயிற்சிக்களத்தில் நிலைபெற்றது. 1946-இல் பிரெஞ்சு அதிகாரி ஆன்றி தெப்ரு வகுத்த படைத்துறை ஐந்திறப் போட்டியில் 500 மீட்டர் தடைப்பாதை ஓர் அங்கமாயிற்று. அதற்கு முன்பே, 1910-இல் வெளியான ஒரு கட்டுரையில், அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ், போர் வளர்க்கும் துணிவையும் பொறுமையையும் போரின்றியே வளர்க்கும் வழியைச் சமூகம் கண்டாக வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார். தடைப்பாதை குடிமக்கள் கைக்கு வந்ததை அவ்வேண்டுகோளுக்குக் கிடைத்த விடையாகக் கருதலாம்; ஆயினும் அது அரைகுறை விடையே. ஜேம்ஸ் கேட்டது சமூகத்துக்குப் பயன்தரும் கடும் உழைப்பு. கிடைத்ததோ பங்கேற்பவருக்கு மட்டுமே பயன்தரும் கடும் உழைப்பு.

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே 1987-இல் பில்லி வில்சன் தொடங்கிய ‘டஃப் கை’ போட்டி குளிர்காலத்தின் நடுவில் நடந்தது; உறைநீரில் மூழ்கி எழுந்து மின்னதிர்ச்சி தரும் கம்பிகளுக்கிடையே செல்ல வேண்டியிருந்த அதில், இறந்தால் பொறுப்பு தம்முடையதே என்று ஓடுபவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2010-இல் அமெரிக்காவில் ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’, ‘டஃப் மடர்’ என்னும் இரு நிறுவனங்கள் தோன்றி, இதைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றன. துன்பத்தின் அளவில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. உதவி பற்றிய விதியில்தான் அவை பிரிந்தன. ஸ்பார்ட்டனின் உயர்நிலைப் பிரிவில் ஓடுபவர் பிறர் துணையின்றித் தடையைக் கடக்க வேண்டும். தவறினால் நிலத்தில் படுத்தெழுந்து குதிக்கும் பர்ப்பி என்னும் பயிற்சியை முப்பது முறை செய்வது நெடுங்காலம் தண்டனையாக இருந்தது. டஃப் மடரோ, தன் தொடக்க வடிவில், நேரக் கணக்கே வைக்கவில்லை. அதன் ‘எவரெஸ்ட்’ என்னும் தடை, சேறு படிந்து வழுக்கும் வளைந்த சரிவு. ஓடிவந்து தாவுபவரின் விரல்கள் விளிம்பை எட்டாமல் நழுவும் கணத்தில், முன்னமே ஏறியவர்கள் மேலே குப்புறப் படுத்து அவருடைய மணிக்கட்டைப் பற்றி இழுப்பார்கள். இழுக்கப்பட்டவர் அதே இடத்தில் படுத்து அடுத்தவருக்குக் கை நீட்டுவார். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எபேரின் கோட்பாடு உயிரோடு காணப்படும் இடம் இதுவே.

விரும்பி ஏற்கும் துன்பம் அனைத்தையும் தவம் என உயர்த்திவிடவும் முடியாது. தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று விளக்கிய பெர்னார்ட் சூட்ஸ் என்னும் மெய்யியலாளரின் கருத்துப்படி, விரும்பி ஏற்றல் என்னும் கூறு நீங்கினால் விளையாட்டே இல்லை. செங்கல் சூளையில் நாள் முழுதும் சுமப்பவரின் பாரம் மணல்மூட்டையைவிடக் கனமானது. ஆனால் நடுவழியில் விலகிச் செல்லும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே, போட்டியில் பட்ட வலியைக் கொண்டு வாழ்வின் வலியை அறிந்துவிட்டதாகக் கருதுவது பிழை. அமைப்பாளரின் பொறுப்பையும் இந்த விருப்பம் துடைத்துவிடாது: 2013-இல் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த டஃப் மடர் நிகழ்வில், உயரத்திலிருந்து நீரில் குதிக்கும் தடையில் ஒருவர் மூழ்கி உயிரிழந்தார்.

திருக்குறளின் தவ அதிகாரம் முதற்குறளிலேயே இரண்டு இலக்கணங்களைச் சேர்த்துச் சொல்கிறது: தனக்குற்ற துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை. உண்டி சுருக்குதல் முதலியவற்றால் வரும் துன்பம் என்று பரிமேலழகர் உரை விரிப்பதால், தானே வருவித்துக்கொண்ட துன்பத்துக்கும் அதில் இடமுண்டு. இரண்டாவது இலக்கணத்தின் முக்கியத்துவம் டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-இல் நடந்தது) கண்கூடாகத் தெரிந்தது. நவீன ஐந்திறப் போட்டியில் வீரர்கள் அப்போது குலுக்கலில் கிடைத்த குதிரையில் ஏற வேண்டியிருந்தது. அங்கே தாண்ட மறுத்த ஒரு குதிரையைப் பயிற்சியாளர் ஒருவர் கையால் குத்திய காட்சி உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதன்பின், 1912 முதல் இருந்துவந்த குதிரையேற்றத்தை விலக்க முடிவு செய்த பன்னாட்டு ஐந்திறப் போட்டி ஒன்றியம், 2022-இல் அதன் இடத்துக்குத் தடைப்பாதையைத் தேர்ந்தது. இத்தேர்வால், வாயில்லா உயிர் பட்ட துன்பத்தின் இடத்துக்கு, துன்பத்தை விரும்பி ஏற்கும் மனிதர் படும் துன்பம் வந்தது. இவ்விளையாட்டின் வரலாற்றில் ஐயத்துக்கு இடமின்றிப் போற்றத்தக்க நிகழ்வு இது.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இப்புதிய ஐந்திறப் போட்டி நடைபெறவுள்ளது. அங்கே தடைப்பாதை என்பது சில பத்து மீட்டர் நீளமே கொண்ட, சேறில்லாத, அடுத்தடுத்த தடங்களில் தனித்தனியே நொடிக்கணக்கில் ஓடி முடிக்கும் விரைவோட்டம். ஒருவர் நழுவினால் அருகில் ஓடுபவர் கை கொடுக்க விதியில் இடமில்லை. மாறாக, 2019-இல் பிலிப்பைன்சில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளில் தடைப்பாதைப் போட்டி பதக்கத்துக்குரியதாகச் சேர்க்கப்பட்டபோது, குழுவினர் ஒருவருக்கொருவர் உதவிக் கடக்கும் பிரிவும் அதில் இடம்பெற்றிருந்தது. எபேர் ஏற்றிருக்கக்கூடிய வடிவம் இவற்றுள் எது என்பதில் ஐயம் இல்லை.