மண் கேட்காத வேர்

தம்பி, "எங்க ஊர்ல என்னங்க விளையும்? பாறைதான் விளையும்" என்று சொல்லிவிட்டுத்தானே பென்னாகரத்தில் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறாய்? ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது என்கிறாய். அப்பா பாலக்கோடு மண்டிக்கு ஏற்றிய தக்காளி வண்டி வாடகைக்குக்கூடக் காணவில்லை என்கிறாய். எல்லாம் மெய்தான். பிழைக்கப் போவதில் இழுக்கில்லை. ஆனால் 'என்னிடம் ஒன்றுமில்லை' என்றொரு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போகிறாயே, முதலில் அதை இறக்கு!

ஒரு கணக்குக் கேள். 17-ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தில் வான் ஹெல்மான்ட் என்றொரு அறிஞர். தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை எடைபோட்டு நிரப்பினார். இரண்டேகால் கிலோ வில்லோ கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 76 கிலோ ஆனது. மண் எவ்வளவு குறைந்தது தெரியுமா? அறுபது கிராம்கூட இல்லை! மரம் மண்ணைத் தின்று வளரவில்லை, தம்பி.

மண் ஒரு களஞ்சியம். நீரையும் சத்தையும் வைத்திருந்து வேருக்கு அளக்கிறது. அந்த வேலையை வேறொருவர் செய்தாலும் வேர் கோபிப்பதில்லை. செடிக்கு வேண்டிய சத்துகள் 17. அவற்றில் மூன்று காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மீதி 14-ஐயும் தண்ணீரில் கரைத்தே ஊட்டலாம். கலிஃபோர்னியாவில் பேராசிரியர் கெரிக் இப்படித்தான் தக்காளிக் கொடியை 25 அடிக்கு ஏற்றிக் காட்டினார். சந்தேகப்பட்டவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்!

"அமெரிக்காவில் காசு இருக்கு, செய்வாங்க" என்கிறாயா? சரி, நம் நாட்டு மலைக்கே வா. அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் மண்ணில்லா விவசாயத்தைச் சோதிக்கத் தொடங்கினார். பெரிய இயந்திரத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. தொட்டியில் கல்லும் உடைந்த செங்கல்லும் போட்டு, சத்து உப்பைத் தூவித் தண்ணீர் ஊற்றும் எளிய வழியைக் கண்டார். 'வங்காள முறை' என்று 1951-இல் அது புத்தகமாகி உலகம் சுற்றியது. உடைந்த செங்கல் உன் ஊரில் இல்லையா?

லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பசுமைக்குடில் போடச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு கறவை மாடு நிற்கிறதே, அங்கிருந்து தொடங்கு. மக்காச்சோளத்தை ஓர் இரவு ஊறவை. ஈரச் சாக்கில் கட்டி முளைகட்டு. ஓட்டை போட்ட தட்டுகளில் பரப்பி, நிழல்வலைக்கு அடியில் அடுக்கு. நாளுக்கு நாலைந்து முறை தண்ணீர் தெளி. ஏழெட்டு நாளில் வேரும் தழையும் பின்னிய பச்சைப் பாய் ஒன்று எழும். ஒரு கிலோ விதைக்கு ஐந்து கிலோ தீவனம் எதிர்பார்க்கலாம். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்த உன் அம்மாவுக்கு இது புது வித்தையா என்ன?

துணிவு என்பது கண்ணை மூடிக் குதிப்பதல்ல. அந்தப் பச்சைத் தீவனத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் சோளத்தட்டையை நிறுத்திவிடாதே. முளைவிடும் தட்டுகளைக் கழுவாமல் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதே. நம் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பரிசோதித்துவிட்டு இறங்கு. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. படியேறிக் கேள். கேட்க வெட்கப்படுகிறவன்தான் ஏழை!

நீ யார் ஊர்க்காரன் என்பதை மறந்துவிட்டாயா? கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், இன்று தர்மபுரி எனப்படும் நம் தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். அன்று அது ஊர் பார்த்திராத பயிர். "இங்கே வருமா?" என்று அன்றும் யாராவது உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். கொண்டுவந்தவன் பதில் பேசியிருக்க மாட்டான், நட்டிருப்பான்.

இன்றிரவு ஒரு கிலோ மக்காச்சோளத்தை ஊறவை. எட்டாம் நாள் விடியலில் உன் மாடு அந்தப் பச்சையை மென்று தின்பதைப் பக்கத்தில் நின்று பார். பெங்களூர் பஸ் எங்கும் போய்விடாது. பார்த்துவிட்டு, அப்புறம் சொல்: உங்க ஊர்ல என்ன விளையும்?