விலையில் கலந்த இரத்தம்

மெக்சிக்கோவின் மலைக் கிராமம் செரோகாவி. 2022 யூன் 20ஆந் திகதி, உயிருக்கஞ்சி அவ்வூர் ஆலயத்துள் ஓடிவந்த ஒருவரைக் காக்க முனைந்த முதிய இயேசு சபைக் குருக்கள் இருவர், அவரோடு சுட்டுக் கொல்லப்பட்டனர். இது போதைவஸ்துக் கும்பலொன்றின் செயல். 2006 டிசெம்பரில் அந்நாட்டரசு இத்தகைய கும்பல்களுக்கெதிராக இராணுவத்தை இறக்கியது, கொலைகளோ பெருகின.

“தடையை நீக்கினால் கள்ளச்சந்தை தானே அழியும்” என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1920இல் வந்த மதுவிலக்கு கள்ளக் கும்பல்களை வளர்த்தது. 1933இல் அது நீங்கவே, அவ்வியாபாரம் அவர்கள் கைவிட்டுப் போயிற்று. ஆனால், குடியால் அழியும் குடும்பங்களின் கண்ணீர் நின்றதா? 2012இல் அங்கே கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் கஞ்சாவை அனுமதிக்கத் தீர்மானித்தன. மெக்சிக்கோவின் கும்பல்கள் அதனாற் கலைந்துவிடவில்லை. பின்னாளில், அதனிலும் கொடிய பென்டனிலைக் கடத்தலாயின.

அன்பார்ந்த வாசகரே, சட்டம் வியாபாரியின் இலாபத்தைத் தொடலாம். வாங்குபவனின் மனத்தைத் தொடாது. போதைக்கு அடிமையானவன் நோயாளி. அவனது சுதந்திரம் குன்றியது. அவனுக்கு வேண்டியது சிகிச்சையே. ஆனால், பொழுதுபோக்காக வாங்குபவனோ, “என் பணம், என் உடல், பிறருக்கென்ன தீங்கு?” என்கிறான். அவன் பணமே தூரத்து ஊர்களில் துப்பாக்கியாகிறது. தடையா, அனுமதியா என்பதைப் பாராளுமன்றங்கள் தீர்மானிக்கட்டும். “நான் கொடுக்கும் காசு எங்கே போகிறது?” என்ற கேள்விக்கு அவனவன் மனச்சாட்சியே விடைகூற வேண்டும். காணாத இரத்தமென்று கைகழுவ முடியாது.